விஷம் காய்ச்சிய ஆலையை ஏன் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஒரு பழைய ஆர்சனிக் ஆலையைச் சட்டம் போட்டுப் பாதுகாக்கிறார்கள். உலகப் பாரம்பரியக் களத்துக்குள்ளும் அது வருகிறது. விஷம் காய்ச்சிய இடத்தில் காப்பாற்ற என்ன இருக்கிறது? இடித்துத் தள்ளி, மண்ணைச் சுத்தம் செய்துவிட்டால் ஆகாதா?

நியாயமான கேள்வி. உலோகவியல் படித்த எனக்கே முதலில் அப்படித்தான் தோன்றியது. சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: அங்கே கட்டடம் வேறு, விஷம் வேறு என்று பிரிக்க முடியாது. இடித்தால் விஷம் போகாது, கிளம்பும். அது மட்டுமில்லை, அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு சுவரும் ஆர்சனிக்கின் ஒரே ஒரு குணத்துக்காக எழுப்பப்பட்டது. அதைப் பார்த்தால் வேதியியல் கண்முன்னே நிற்கும். இனி விரிவாகச் சொல்கிறேன்.

இடத்தின் பெயர் டெவன் கிரேட் கான்சல்ஸ். டாவிஸ்டாக் என்ற சிறு நகரத்துக்கு மேற்கே சில மைல் தள்ளி, டேமர் நதிக்கரைக் காட்டுக்குள் இருக்கிறது. நதியின் இந்தப் பக்கம் டெவன், அந்தப் பக்கம் கார்ன்வால். ஒரே சுரங்கம் என்று நினைக்க வேண்டாம். வீல் மரியா, வீல் ஃபேனி, வீல் அன்னா மரியா, வீல் ஜோசையா, வீல் எம்மா என்று வரிசையாகப் பல சுரங்கங்கள் சேர்ந்தது. ‘வீல்’ என்றால் சக்கரம் இல்லை. பழைய கார்னிஷ் மொழியில் வேலைத்தலம், அதாவது சுரங்கம் என்று பொருள். 2006இல் யுனெஸ்கோ கார்ன்வால், மேற்கு டெவன் சுரங்க நிலப்பரப்பைப் பத்துப் பகுதிகளாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, டேமர் பள்ளத்தாக்கும் டாவிஸ்டாக்கும் அதில் ஒரு பகுதியாக வந்தன. அது போக, ஆலையின் எச்சங்கள் 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலிலும் இருக்கின்றன. அரசின் அனுமதி இல்லாமல் அங்கே ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்க முடியாது.

சரி, ஆலைக்குள் என்ன நடந்தது?

நம் சித்த மருத்துவத்தில் ‘பதங்கம்’ என்று ஒரு வகை உண்டு. சாம்பிராணிப் பதங்கம் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு சட்டியில் சரக்கைப் போட்டு, மேலே இன்னொரு சட்டியை வாயோடு வாய் கவிழ்த்து, மூட்டில் சீலைமண் பூசி அடுப்பேற்றுவார்கள். சரக்கு ஆவியாகி மேல் சட்டியின் உட்புறத்தில் போய்ப் படியும். அதைச் சுரண்டி எடுப்பதுதான் பதங்கம். பள்ளிக்கூடப் பாடத்தில் வரும் ‘பதங்கமாதல்’ என்பதும் இதே சொல்தான். டேமர் கரையில் நடந்ததும் இதேதான். கீழ்ச் சட்டிக்குப் பதில் ஒரு பெரிய உலை, மேல் சட்டிக்குப் பதில் வளைந்து வளைந்து போகும் கல் அறைகள். அவ்வளவுதான் வித்தியாசம்.

மூலப்பொருள் ஆர்சனோபைரைட். சுரங்கக்காரர்கள் மிஸ்பிக்கெல் என்பார்கள். வெள்ளி போல மினுக்கும் சாம்பல் நிறக் கல். இரும்பு, ஆர்சனிக், கந்தகம் மூன்றும் அதில் சேர்ந்திருக்கும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் பூண்டு வாடை வரும். இந்தக் கல்லை உடைத்து, பொடித்து, தண்ணீரில் அலசி, உலையில் போட்டு வறுப்பார்கள். வறுபடும்போது இரும்பு காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து செங்காவித் தூளாகத் தங்கிவிடும். கந்தகம் கந்தக டைஆக்சைடு வாயுவாகிவிடும். ஆர்சனிக், ஆர்சனிக் ட்ரைஆக்சைடாகி ஆவியாகப் பறக்கும். இந்தக் கடைசிப் பொருள்தான் வெள்ளைப் பாஷாணம்.

சாதாரண உலையில் ஒருவன் நீளக் கம்பியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை இயந்திரத்திடம் விட்டவர் வில்லியம் பிரண்டன். 1828இல் அவர் வடிவமைத்த உலையில் அடித்தளம் ஒரு வட்ட மேடை. நடுவில் மேடிட்டு, ஓரத்துக்குச் சரிந்திருக்கும். ராட்டினம் போல அது மெல்லச் சுற்றும். மேலிருந்து அசையாமல் தொங்கும் இரும்புப் பற்கள் தாதுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி ஓரத்துக்குத் தள்ளும். நடுவில் விழுந்த தாது ஓரத்துக்கு வந்து சேர்வதற்குள் ஆர்சனிக்கை இழந்து வெறும் காவியாகிக் கீழே கொட்டிவிடும். சுற்றுவதற்குப் பெரிய விசையும் வேண்டாம், ஒரு சின்னத் தண்ணீர்ச் சக்கரம் போதும். ஆட்டுக்கல்லில் குழவி நின்று கல் சுற்றினால் எப்படியோ அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் மின்சார கிரைண்டர் வந்ததும் அந்தக் கணக்கில்தானே.

இனி முக்கியமான கட்டம். உலையிலிருந்து கிளம்பும் புகையில் இரண்டு சரக்கு இருக்கிறது. கந்தக வாயு எவ்வளவு ஆறினாலும் வாயுதான். ஆர்சனிக் ஆவியோ ஆற ஆற, திரவ நிலைக்கே போகாமல் நேராகப் பொடியாகிச் சுவரில் ஒட்டும். ஆகவே புகையை அவசரமில்லாமல், சுற்றி வளைத்து, நிறையச் சுவரில் உரசவிட்டுக் கொண்டுபோக வேண்டும். அதற்காகக் கட்டியதுதான் ‘லாபிரிந்த்’. நாம் புதிர்ப்பாதை என்று சொல்லலாம், உள்ளூர்க்காரர்கள் வாயில் அது ‘லாம்ப்ரெத்’. அடுத்தடுத்து அறைகள். முதல் அறையின் வழி இடது ஓரத்தில் இருந்தால் அடுத்ததன் வழி வலது ஓரத்தில். புகை பாம்பு போல நெளிந்து போகும். ஒவ்வொரு அறைக்கும் வெளிச்சுவரில் ஒரு திறப்பு, அதில் இரும்புக் கதவு. உலை எரியும்போது கதவின் இடுக்குகளைக் களிமண்ணால் பூசி அடைத்துவிடுவார்கள், நம்முடைய சீலைமண் மாதிரியேதான். கடைசி அறையைத் தாண்டி, மலைச்சரிவில் ஏறும் நீண்ட புகைக்குழாய். அதன் முடிவில் உயரமான புகைபோக்கி. அதன் வழியே வெளியேறிய கந்தகப் புகை சுற்றுவட்டாரத்து மரஞ்செடிகளைக் கருக்கிப் போட்டது. அந்தக் கணக்கைக் கம்பெனி பேரேட்டில் யாரும் எழுதவில்லை.

இப்போது அந்த இடிபாட்டைப் பாருங்கள். இரும்பெல்லாம் என்றைக்கோ பழைய விலைக்குப் போய்விட்டது. கூரை இல்லை. ஆனால் அறை அறையாக நெளியும் சுவர் நிற்கிறது, வரிசையாகக் கதவு வைத்த ஓட்டைகள் நிற்கின்றன, மேலேறும் குழாயின் முதுகு நிற்கிறது, புகைபோக்கி நிற்கிறது. வரைபடம் இல்லாமலே விளங்கும். ஒரு தொழிலின் முறையை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் கட்டடம் அபூர்வம். பஞ்சாலைக் கட்டடத்தை நாளைக்கே கல்யாண மண்டபமாகவும் மாற்றலாம். இதை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. இப்படி ஒரு வடிவம் ஆர்சனிக்கைத் தவிர எதற்கும் தேவைப்பட்டிருக்காது.

உள்ளே படிந்ததை எடுத்தது யார் என்று கேட்க வேண்டும் இல்லையா? மனிதர்கள்தான். சில வாரங்களுக்கு ஒருமுறை உலையை ஆறவிட்டு, களிமண்ணை உடைத்துக் கதவைத் திறந்து, உள்ளே போய்ச் சுவரிலும் தரையிலும் படிந்ததைச் சுரண்டி, மண்வெட்டியால் அள்ளித் தள்ளுவண்டியில் போடுவார்கள். அவர்களுக்கு இருந்த பாதுகாப்புக் கவசம் இவ்வளவுதான்: மூக்கில் பஞ்சு, வாயையும் மூக்கையும் மூடி ஒரு துணி, முகத்திலும் கையிலும் அப்பிய களிமண். வேர்வை படும் இடத்தில், தோல் மடிப்பில், இந்தத் தூள் ஒட்டினால் புண் வரும். அதனால் சட்டைக் கையையும் கால்சராய் அடியையும் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். அப்படியும் புண் வந்தது. வளர்ந்த மனிதரைக் கொல்ல இந்தத் தூள் சில நூறு மில்லிகிராம் போதும், ஒரு சிட்டிகை. அவர்கள் அதை மண்வெட்டியால் அள்ளினார்கள்.

அள்ளியது அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருக்கும், நிலக்கரிப் புகை கலந்ததால். இந்த நிறத்தில் விற்றால் விலை வராது. ஆகவே புகை அதிகம் வராத கோக் போன்ற எரிபொருளால் இன்னொரு உலையில் மறுபடி சூடேற்றி, மறுபடி அறைகளில் படியவைத்தால் பளிச்சென்ற வெள்ளைப் படிகம் கிடைக்கும். அதை மாவரைக்கிற மாதிரி கல் இயந்திரத்தில் அரைத்து, உட்புறம் காகிதம் ஒட்டிய மரப்பீப்பாயில் அடைத்தார்கள். பார்க்க மைதா மாவுதான். வாசனை இல்லை, சுவையும் இல்லை என்றே சொல்லலாம்.

இதில் ஒரு வேடிக்கை. ஆலையில் காசு செலவழித்துக் கரியை நீக்கி வெள்ளையாக்குகிறார்கள். கடைக்கு வந்ததும், சில்லறையாக விற்கும் ஆர்சனிக்கில் புகைக்கரியோ அவுரி நீலமோ கலந்துதான் விற்க வேண்டும் என்பது 1851இலேயே வந்த சட்டம். வாங்குபவர் பெயர், விலாசமும் பேரேட்டில் பதிய வேண்டும். ஏன் என்பதற்கு, சட்டம் வந்த பிறகும் 1858இல் பிராட்ஃபோர்டு நகரில் நடந்ததே போதும். மிட்டாய் செய்பவர்கள் சர்க்கரையை மிச்சம் பிடிக்க ஜிப்சம் தூள் கலப்பது அப்போது வழக்கம். மருந்துக் கடையில் அந்தத் தூளுக்குப் பதிலாகத் தவறுதலாக 12 பவுண்டு ஆர்சனிக்கை எடைபோட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்த மிட்டாயைத் தின்று இருபது பேர் வரை இறந்தார்கள், 200 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள்.

இத்தனைக்கும், டெவன் கிரேட் கான்சல்ஸ் ஆர்சனிக்குக்காகத் திறந்த சுரங்கமே இல்லை. நிலம் பெட்ஃபோர்டு கோமகனுடையது. சுரங்கம் வந்தால் வேட்டைக்கு வளர்க்கும் ஃபெசன்ட் பறவைகள் மிரண்டுவிடும் என்று அந்தக் குடும்பம் முன்பு அனுமதி மறுத்ததாக ஒரு கதை உண்டு. 1844இல் ஜோசையா ஹிச்சன்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் குத்தகை வாங்கினார்கள். மொத்தம் 1,024 பங்குகள், பங்கு ஒரு பவுண்டு. அதே ஆண்டு இறுதியில், அதிக ஆழம்கூடப் போகாமல், தாமிரத் தாது சிக்கியது. சிக்கியது என்றால் சாதாரணமாக இல்லை, இரண்டு மைலுக்கு மேல் நீளும் தாதுப் படிவம். ஒரு பவுண்டுப் பங்கு கொஞ்ச காலத்திலேயே 800 பவுண்டுக்குப் போனது. 1850களில் ஐரோப்பாவின் மிகப் பெரிய தாமிரச் சுரங்கங்களில் ஒன்று. தாதுவை மார்வெல்ஹாம் என்ற ஆற்றுத்துறைக்கு இறக்கத் தனி ரயில் பாதையே போட்டார்கள். அங்கிருந்து படகு, பிறகு உருக்குவதற்கு வேல்ஸ்.

தாமிரத் தாதுவின் ஓரங்களில் மிஸ்பிக்கெல் இருந்தது. அன்றைக்கு அது தொல்லை. யாருக்கும் வேண்டாத கல், ஒதுக்கிப் போட்டார்கள், அல்லது தோண்டாமலே சுரங்கச் சுவரில் விட்டுவிட்டார்கள். 1860களில் நல்ல தாமிரம் தீர ஆரம்பித்தது, வெளிநாட்டுத் தாமிரம் விலையை இறக்கியது. அப்போதுதான் ஒதுக்கிய கல்லின் பக்கம் கண் திரும்பியது. 1860களின் பிற்பகுதியில் ஆர்சனிக் ஆலை எழுந்தது. 1870களுக்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கின் அரை டஜன் சுரங்கங்களிலிருந்து உலகத்தின் ஆர்சனிக்கில் பாதி வந்ததாகச் சொல்வார்கள். கடைசிக் கணக்கில் டெவன் கிரேட் கான்சல்ஸ் ஏழு லட்சம் டன்னுக்கு மேல் தாமிரத் தாதுவும், எழுபதாயிரம் டன்னுக்கு மேல் சுத்திகரித்த ஆர்சனிக்கும் தந்தது. கிடங்கில் இருக்கிற சரக்கு உலகத்தையே கொல்லப் போதும் என்று அந்தக் காலத்தில் பேசிக்கொண்டார்களாம். கணக்குப் போட்டால் மிகையில்லை.

இங்கே ஒரு பிரபலத்தின் பெயர் எப்போதும் வரும். வில்லியம் மாரிஸ். பூவும் இலையும் கொடியுமாகச் சுவர்க்காகிதம் வரைந்தவர். இயந்திரத் தொழில் மனிதனைச் சிறுமைப்படுத்துகிறது என்று பேசியவர், பின்னாளில் சோஷலிஸ்ட். அவருடைய அப்பா இந்தக் கம்பெனியின் ஆரம்பப் பங்குதாரர்களில் ஒருவர். குடும்பத்திடம் 272 பங்குகள், கால்வாசிக்கும் மேல். மாரிஸுக்கு 21 வயதானபோது கைக்கு வந்த பங்குகளிலிருந்து ஆண்டுக்கு 700 பவுண்டுக்கு மேல் வருமானம். வேலைக்குப் போகாமல் கலைஞனாக வாழ அது தாராளம். 1871இலிருந்து 1875 வரை அவரே கம்பெனியின் இயக்குநராகவும் இருந்தார், ஆர்சனிக் வியாபாரம் ஓகோவென்று நடந்த காலம் அது. பதவியை விட்டதும், இயக்குநர் கூட்டத்துக்குப் போட்டுப்போகும் உயரத் தொப்பியின் மேல் வேண்டுமென்றே உட்கார்ந்து நசுக்கினார் என்று ஒரு கதை.

2003இல் ஆண்டி மெஹார்க் என்ற விஞ்ஞானி மாரிஸின் ஆரம்பகாலச் சுவர்க்காகிதத் துண்டு ஒன்றைச் சோதித்தார். பச்சை இலைகளில் இருந்தது தாமிரமும் ஆர்சனிக்கும் சேர்ந்த நிறமி. அந்தச் சுரங்கத்தின் இரண்டு சரக்குகளும் ஒரே இலையில்! இதைப் பலர் அப்படியே நீட்டி, மாரிஸ் தன் சுரங்கத்து விஷத்தைத் தன் காகிதத்தில் பூசி விற்றார் என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. அந்தக் காகிதம் 1864இல் விற்பனைக்கு வந்தது, அப்போது இந்தச் சுரங்கத்தில் ஆர்சனிக் ஆலையே கிடையாது. அவரைக் குறை சொல்ல வேறு நல்ல காரணம் இருக்கிறது. ஆர்சனிக் பச்சை நோய் தருகிறது என்று மருத்துவர்கள் சொன்னபோது, 1885இல், சாயத்தொழில் நண்பர் தாமஸ் வார்டிலுக்கு எழுதிய கடிதத்தில், இது சூனியக்காரி வேட்டைப் பித்து போன்றது என்று தள்ளிவிட்டார். ஒவ்வொரு தொழிலாளியின் கைவேலையையும் மதித்த மனிதர் லாம்ப்ரெத்துக்குள் மண்வெட்டியோடு போனவனைப் பற்றி எழுதிய வரி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

இவ்வளவு ஆர்சனிக்கும் எங்கே போனது? கண்ணாடித் தொழிலுக்கு, சாயத்துக்கு, ஆட்டுத் தோலில் ஒட்டும் உண்ணிகளைக் கொல்லும் மருந்துக்கு. எல்லாவற்றையும் விடப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்க விவசாயி. அங்கே உருளைக்கிழங்குச் செடியைக் கொலராடோ வண்டு மொட்டையடித்துக்கொண்டிருந்தது. அதற்கு ‘பாரிஸ் பச்சை’ தூவினார்கள், சுவரில் பூசிய அதே குடும்பத்து நிறமி. பிறகு பருத்தியில் காய்க்கூன்வண்டு வந்தது, அதற்குக் கால்சியம் ஆர்சனேட்.

அந்தக் கூன்வண்டுதான் இன்றைய இடிபாட்டுக்கும் காரணம். மூலக் கம்பெனி 1901இல் வேலையை நிறுத்தியது. இயந்திரங்களை ஏலம் விட்டார்கள், கட்டடங்கள் பெரும்பாலும் தரைமட்டமாயின. முதல் உலகப் போருக்குப் பின் பருத்திக்காக ஆர்சனிக் விலை ஏறியதும், 1920களில் வீல் அன்னா மரியாவில் பழைய குப்பைமேட்டையும் மிச்சக் கல்லையும் வறுக்கப் புதிதாக ஒரு ஆலை கட்டினார்கள். சில ஆண்டுகளில் விலை விழுந்தது, அதுவும் மூடியது. நாம் இன்று பார்க்கும் புகைபோக்கியும் அறைகளும் முக்கியமாக இந்த இரண்டாவது ஆலையுடையவை. விக்டோரியா காலத்து ஆலை என்று படத்துக்குக் கீழே போடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இடித்துச் சுத்தம் செய்தால் ஆகாதா?

முதலில் அளவு. சுரங்கம் ஆற்றோரமாக இரண்டு மைலுக்கு மேல் நீண்டது. வழியெல்லாம் கழிவு மேடுகள். ஆலை இருந்த இடத்தில் மண்ணின் எடையில் பல சதவீதம் ஆர்சனிக்காகவே இருக்கும் இடங்கள் உண்டு. இதை அள்ளுவதென்றால் ஒரு குன்றையே அள்ள வேண்டும். அள்ளி எங்கே கொட்டுவது? லாரியில் ஏற்றினால் தூசி, மழையில் விட்டால் சேறு, சேறு நேரே டேமர் நதிக்கு. நூறு ஆண்டாகக் கிடந்த கழிவில் ஆர்சனிக் இரும்போடு சேர்ந்து, தண்ணீரில் அவ்வளவாகக் கரையாத புதுக் கனிமங்களாக மாறியிருக்கிறது. தானாகக் கட்டுப்பட்டுக் கிடப்பதைக் கிளறுவதுதான் ஆபத்து. அதனால் அங்கே செய்தது எளிய வேலை: சுவர்கள் விழாமல் முட்டுக்கொடுத்து, ஆலையைச் சுற்றி வேலி போட்டு, நடைபாதையை விலக்கிப் போட்டு, ஏன் என்று பலகையில் எழுதி வைத்தார்கள். சுற்றிலும் ஊசியிலைக் காடு வளர்ந்திருக்கிறது. நடுவில் மட்டும் புல் முளைக்காத மஞ்சள் பழுப்பு மேடுகள்.

புல்லே முளைக்கவில்லை என்பதும் முழு உண்மையில்லை. ஓரங்களில் ஒரு வகைப் புல் ஆர்சனிக்கைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. இன்னும் ஆச்சரியம் மண்புழு. கழிவு மண்ணில் வாழும் லம்பிரிகஸ் ரூபெல்லஸ் என்ற மண்புழுவை எடுத்து ஆய்வாளர்கள் சோதித்தார்கள். சுத்தமான மண்ணில் பிறந்த அதே இனப் புழு செத்துப்போகும் அளவு ஆர்சனிக்கில் இது சும்மா நெளிந்துகொண்டிருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுக்குள் ஒரு மண்புழு வம்சம் விஷத்துக்குப் பழகிவிட்டது. மண்ணை மாற்றியிருந்தால் இந்தச் சேதி நமக்குத் தெரிந்தே இருக்காது.

தமிழ் வாசகருக்கு இந்தப் பள்ளத்தாக்கு நினைப்பதைவிட நெருக்கம். சுரங்கத் தாது டாவிஸ்டாக்கிலிருந்து மார்வெல்ஹாம் துறைக்குப் போக, டெவன் கிரேட் கான்சல்ஸ் பிறப்பதற்கு முன்பே ஒரு கால்வாய் வெட்டினார்கள். 1803இல் தொடங்கி 1817இல் திறந்தது. வெட்டியவர் ஜான் டெய்லர், பக்கத்துச் சுரங்கம் ஒன்றுக்கு 19 வயதிலேயே மேலாளரானவர். அவர் ஆரம்பித்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்தான் 1880இல் கோலார் தங்கவயலுக்கு வந்த கம்பெனி. வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் தமிழர்கள் குடும்பம் குடும்பமாகப் போய் இறங்கிய அதே சுரங்கம். மேற்பார்வைக்குக் கார்ன்வாலிலிருந்து சுரங்க ‘கேப்டன்’கள் வந்தார்கள்.

என் அம்மா வழிச் சொந்தம் தங்கவயல்தான். சின்ன வயதில் லீவுக்குப் போனால் எங்கே நின்றாலும் அந்தச் சயனைடு மேடுகள் தெரியும், தங்கம் எடுத்த பிறகு கொட்டிய அரைத்த மண். மாசிக் காற்று வந்தால் அத்தை மதியமே ஜன்னலைச் சாத்திவிடுவாள், ‘மேட்டு மண்ணு சோத்துல விழும்’ என்பாள். 2001இல் சுரங்கம் மூடியது. மேடுகள் அங்கேயே இருக்கின்றன, சினிமாக்காரர்கள் வந்து படம் பிடிக்கிறார்கள். வேலி இல்லை, பலகை இல்லை. டேமர் கரையில் போய் நின்றபோது எனக்குப் பொறாமையாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் விஷத்தைக் கொண்டாடவில்லை. இங்கே இது இருக்கிறது, இவர்கள் இதைச் செய்தார்கள், இவ்வளவு தூரம் தள்ளி நில்லுங்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எங்கள் அத்தைக்கு அதை யாரும் எழுதிக் காட்டவில்லை, அவளாகக் கண்டுபிடித்தாள்.

போய்ப் பார்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பார்க்கலாம். டெவன் கிரேட் கான்சல்ஸ் வழியாக நடைபாதையும் சைக்கிள் பாதையும் போகின்றன. ஆலையை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். லாம்ப்ரெத்தை இன்னும் கிட்டத்தில் பார்க்க ஆசையென்றால் கார்ன்வாலின் மேற்கு முனையில், கடலோரப் பாறை மேல் இருக்கும் போட்டாலக்குக்குப் போங்கள். நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரிய அறக்கட்டளை பராமரிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய பிரண்டன் உலையின் எச்சமும், நெளியும் அறைகளும் அங்கே இருக்கின்றன. அந்தச் சுரங்கம் 1914இல் மூடியது. இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கழிவு மேட்டில் உட்கார்ந்து பிரிக்காதீர்கள், குழந்தைகளை மண்ணில் விளையாட விடாதீர்கள், திரும்பியதும் கையைக் கழுவுங்கள், செருப்பைத் தட்டுங்கள். பழைய புகைக்குழாய்ச் செங்கல்லில் சில இடங்களில் சுண்ணாம்பு பூத்தது போல வெள்ளையாக ஒன்று படர்ந்திருக்கும். சுண்ணாம்பாகவும் இருக்கலாம். நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டாம்.